அபெயோகூட்டா போனால் முதலில் பாறை ஏறுங்கள்

நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்த்த ஆறு வருடத்தில், அங்கிருந்து அபெயோகூட்டா என்ற ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போயிருப்பேன். முதல் முறை போனதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. உச்சி வெயிலில் போய், லிப்டில் ஓலுமோ பாறை ஏறி, நாலு போட்டோ எடுத்து, நீலத்துணி ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட பெரியவர் அந்த ஊரின் கெம்டா பேட்டையில் பிறந்தவர். "மேலே நின்றாயே, கீழே என்ன தெரிந்தது?" என்று கேட்டார். துருப்பிடித்த தகரக் கூரைகள் என்றேன். "அது ஒரு ஊர் இல்லை, நூறு ஊர்" என்றார். அடுத்த முறை அவரோடு போனேன். இங்கே சொல்வது அவர் கூட்டிப்போன வழி.

தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களின் ஊர்கள் பலவற்றுக்கு நடுவில் அரண்மனை, அதன் எதிரே அரசரின் சந்தை, அங்கிருந்து பிரியும் தெருக்கள் என்று ஓர் அமைப்பு உண்டு. இஃபே மாதிரி ஊரில் அரண்மனையிலிருந்து தொடங்கலாம். அபெயோகூட்டாவில் அப்படித் தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. அது ஓடி வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓயோ பேரரசு சரிந்தபோது யொரூபா நாடெங்கும் போர் மூண்டது. யொரூபாக்களில் ஒரு பிரிவான எக்பா மக்களின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. மிஞ்சியவர்கள் இபாதானில் ஒதுங்கினார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. 1830இல் சோடெக்கே என்ற தலைவரின் பின்னால் ஓகுன் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். கரையை ஒட்டிப் பெரிய பெரிய கருங்கல் பாறைகள். அவற்றில் ஒன்றுதான் ஓலுமோ. 'அபெ' என்றால் கீழே, 'ஓகூட்டா' என்றால் கல். பெயரிலேயே முகவரி இருக்கிறது.

ஆகவே காலையில், வெயில் ஏறுமுன் ஓலுமோவுக்குப் போய்விடுங்கள். முழங்கால் வலி இல்லாதவர்கள் லிப்டை விட்டுப் படியில் ஏறுங்கள்; பாதி வழியில்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது. தொங்கும் பாறைக்கு அடியில் மனிதர்கள் மறைந்திருந்த இடம். குனிந்துதான் நுழைய முடியும். தரையில் கிண்ணம் போலக் குழிகள்; ஒளிந்திருந்தவர்கள் தானியம் இடித்த குழிகள் என்று காட்டினார்கள். அதில் கை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். பக்கத்தில் கோயில் இருக்கிறது, இன்றும் வழிபாடு நடக்கிறது. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

உச்சி கடல் மட்டத்திலிருந்து 137 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் போனால் சஹாராவிலிருந்து வரும் ஹார்மாட்டன் புழுதி எல்லாவற்றையும் மூடிவிடும். மழைக்காலத்தில் தெளிவாகத் தெரியும், ஆனால் கல் வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். மேலே நின்று முதலில் மேற்கே ஓகுன் ஆற்றைத் தேடுங்கள். பிறகு கூரைகளை.

பெரியவர் விரல் நீட்டி ஆகே, இஜெமோ, இகிஜா, கெம்டா, இதோகோ என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவை பழைய எக்பா காட்டில் அழிந்துபோன ஊர்களின் பெயர்கள். வந்தவர்கள் ஊர் ஊராகவே குடியேறி, விட்டுவந்த பெயரையே பேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர்கள். சில வருடங்களில், தங்கள் நகரை இழந்த ஓவு மக்களும் வந்து சேர்ந்தார்கள். அதனால் இந்த ஒரே ஊரில் ஆகே, ஓகே-ஓனா, க்பாகுரா, ஓவு என்று நான்கு பிரிவு, நான்கு அரசர்கள். ஆகேயின் அரசரான ஆலாகே எல்லாருக்கும் மூத்தவர். சோடெக்கே முடி சூடிக்கொள்ளவில்லை. அவர் 1845இல் இறந்தார். முதல் ஆலாகே பட்டத்துக்கு வந்தது 1854இல். 24 வருடம் இந்த ஊர் ஆலாகே இல்லாமல் நடந்திருக்கிறது!

அங்கே பழகும் யாரிடமும் "அபெயோகூட்டாவில் எந்த ஊர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குமுன் வணக்கம் முக்கியம். காலையில் 'எ காஆரோ', மதியம் 'எ காசான்'. அந்த 'எ' நம் 'நீங்கள்' மாதிரி. பெரியவர்களிடம் அதை விட்டால் மரியாதைக் குறைவு. வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போனால் 'எ கூ இஷே' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இறங்கியதும் ஆகே. அரண்மனையும் புனித பீட்டர் பேராலயமும் அங்கேதான். நான் இந்த ஊரை நேசிக்கத் தொடங்கியது இங்கே கேட்ட ஒரு கதையால். சாமுவேல் அஜாயி க்ரௌதர் 1821இல், சிறுவனாக இருக்கும்போது, அடிமை பிடிப்பவர்களிடம் சிக்கினார். போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் படித்துப் பாதிரியானார். 1846இல் மிஷன் வேலையாக அபெயோகூட்டா வந்தபோது, 25 வருடத்துக்குப் பிறகு, தன் தாயைக் கண்டார். போரில் சிதறியவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த ஊர் என்பதால்தான் அந்தச் சந்திப்பு நடந்தது. நைஜீரியாவின் முதல் செய்தித்தாளான 'ஈவே ஈரோஹின்' 1859இல் இங்கேதான் அச்சாயிற்று.

அரண்மனை வாசலில் நின்று 1947ஐயும் நினையுங்கள். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று இருந்த தலைவரியை எதிர்த்து, ஃபுன்மிலாயோ ரான்ஸம்-குட்டியின் தலைமையில் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்த இடம் அது. 1949 ஜனவரியில் ஆலாகே இரண்டாம் அதெமோலா ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று.

அடுத்து இதோகு சந்தை, அதிரே என்ற சாயத்துணி. அவசரப்படாமல் வாங்குங்கள். மரவள்ளிக் கஞ்சியை இறகால் தொட்டுக் கோலமிட்டு, காய்ந்தபின் அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பது அதிரே எலேகோ. கஞ்சி ஒரு பக்கம்தான் பூசுவார்கள், அதனால் பின்பக்கம் கோலம் மங்கி நீலம் அதிகமாகத் தெரியும். நாரால் கட்டிச் சாயமிட்டது அதிரே ஓனிகோ. அதில் இரு பக்கமும் வடிவம் விழும். பளிச்சென்று பல நிறத்தில் இருப்பது ரசாயனச் சாயம், 'கம்பாலா' என்பார்கள். அதுவும் அழகுதான், ஆனால் அவுரி விலை கொடுத்து அதை வாங்காதீர்கள். முதல் சலவை தனியாக.

பசித்தால் ஓஃபாதா அரிசி கேளுங்கள். தீட்டாத நாட்டரிசி, இலையில் வைத்து மிளகாய்க் குழம்பு ஊற்றித் தருவார்கள். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இரண்டு கவளம் தள்ளிப் பிடித்துவிடும்.

லாகோஸிலிருந்து 2021 முதல் புது ரயில் ஓடுகிறது. நிலையத்துக்கு இந்த ஊரில் பிறந்த, நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வோலே ஷோயின்காவின் பெயர். அது ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் திரும்புவதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன், சாயங்காலம், லஃபென்வா பாலத்துக்கு ஒரு நடை. 1851 மார்ச் 3 அன்று, மேற்கே இருந்த தஹோமே அரசின் படை, பெண் வீரர்களோடு, இந்த மேற்குப் பக்கமிருந்துதான் ஆற்றைக் கடந்து வந்தது. கோடையில் ஓகுன் ஆழம் குறைந்துவிடும். மண்சுவரும் அகழியும் அதைச் சுற்றி நின்ற மக்களும்தான் அன்று ஊரைக் காத்தார்கள். 1864இல் மறுபடி வந்தார்கள், மறுபடி தோற்றார்கள். அந்த வருடம்தான், ஆயுதம் சேர்த்துக் கொடுத்த வணிகப் பெண்மணி எஃபுன்ரோயே தினுபுவுக்கு இயாலோதே, அதாவது பெண்களின் தலைவி என்ற பட்டம் கிடைத்தது.

பாலத்தில் பெரியவர் என்னைக் கிழக்கே திரும்பி நிற்கச் சொன்னார். கூரைகளுக்கு மேலே பாறைகள் தெரிந்தன. "ஆற்றைத் தாண்டி வந்தவனுக்கு ஊர் இப்படித்தான் தெரிந்திருக்கும்" என்றார்.