பனிக்காலச் சோர்வில் இருப்பவருக்குக் காது கொடுப்பது எப்படி

மார்கழி பிறந்துவிட்டால் மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மலைமுகட்டைத் தாண்டி வெயில் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மனிதர்கள் வெளியே வருகிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்வார்கள். அந்த வரிசையில் வழக்கமாக இருக்கும் ஒருவரை நான்கைந்து நாள் காணவில்லை என்றால், குளிர்தான் காரணம் என்று நாமாக முடிவு செய்துகொண்டு கடந்து போய்விடக் கூடாது.

பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வை 1984இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்து எழுதினார்கள். பகல் சுருங்கும்போது உடலின் உள்கடிகாரம் தடுமாறுகிறது, தூக்கம் அதிகமாகிறது, சோறு, இனிப்பு போன்ற மாவுப்பண்டங்களின் மேல் ஆசை கூடுகிறது, எதிலும் நாட்டம் இல்லாமல் போகிறது. லண்டனில் டிசம்பர் பிற்பாதியில் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. ஆனால் நம் மலைகளில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே இங்கே ஒருவர் மார்கழியில் சோர்ந்து கிடந்தால் பனியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மூட்டமும் இருட்டு அறையும் ஒரு பங்கு என்றால், பணி ஓய்வோடு லயத்தைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலையும், திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளையின் பிரிவும் இன்னொரு பங்காக இருக்கலாம். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவசியம்.

வெளிச்சத்துக்கான வழி எளியது. குளிர்நாடுகளில் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (ஒளியின் அளவு) தரும் பிரகாசமான விளக்கின் முன் உட்காரச் சொல்கிறார்கள். நமக்கு வாசல் போதும். மூட்டமான காலையில்கூடத் திறந்தவெளியின் ஒளி அறைக்குள் எரியும் பல்பைவிடப் பல மடங்கு அதிகம். எனவே அவரை வெளியே அழைத்து வந்து உட்கார வைப்பதுதான் முதல் வேலை.

அடுத்தது கேட்பது, கடினமானது அதுதான். எங்கள் வரிசையில் ஓர் அத்தை கதவைச் சாத்திக்கொண்டபோது, நான் போய் உட்கார்ந்ததும், "எல்லாம் சரியாயிரும் அத்தை, மனசத் தளர விடாதீங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அவர் திறக்க வந்த வாயை என் ஆறுதல் மூடிவிட்டது. மறுநாள் பால் சேர்க்காத கட்டஞ்சாயா போட்டு எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தேன். ஆவி அடங்கும்வரை கிளாசைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தவர், பிறகு தாமாகவே பேசத் தொடங்கினார்.

இதில் தேநீருக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் சாட் வாரா என்ற பாதிரியார் 1935இல் ஒரு பதினான்கு வயதுச் சிறுமியின் அடக்கத்தை நடத்த வேண்டியிருந்தது. மாதவிடாய் தொடங்கியதைக் கொடிய நோய் என்று அஞ்சி உயிரை விட்டவள் அவள். கேட்டுத் தெளிய அவளுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம் தேவாலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, உயிரை விட எண்ணுபவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தார்கள். அவரைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலருக்குப் பாதிரியாரைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போயிற்று. அதைக் கண்டுகொண்ட வாரா, 1954இல் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவான விதம் இதுதான். சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பும் இவ்வாறு தொண்டர்கள் காது கொடுக்கும் இடமே. படித்துப் பட்டம் பெற்றவரால்தான் இது முடியும் என்று நினைத்துத் தயங்குபவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கேட்கும்போது அறிவுரை வேண்டாம். உங்கள் கஷ்டத்தோடு ஒப்பிட வேண்டாம். இடையில் வரும் மௌனத்தை நிரப்ப முயல வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு அத்தை?" என்ற ஒரு கேள்வி போதும். கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள். லயத்தில் சுவர் ஒன்றுதான், ஒரு சொல் கசிந்தாலும் அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்பது போன்ற பேச்சு வந்தால், பயந்து பேச்சை மாற்றாமல், "உசுர விட்டுரலாம்னு தோணுதா அத்தை?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்ததாகவே பெரும்பாலும் உணர்வார்கள். ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழையுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட இந்த இலவசச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்; வெளிச்சத்துக்கும் வெயிலுக்கும் அப்போது காத்திருக்கக் கூடாது.

ஒரு நாள் கேட்டதோடு நிறுத்திவிடாமல், மறுநாளும் வெயில் வந்ததும் அதே வாசலுக்குப் போங்கள். நேற்றுச் சொன்னதையே அவர் திரும்பச் சொன்னாலும், முதன்முறை கேட்பதுபோல் கேளுங்கள்.