ஸ்கானைக் கல்லில் சுடுங்கள்

ஸ்கான் என்றதும் ஓவனில் உப்பியெழுந்து, ஜாமும் கிரீமும் பூசிய பலகாரத்தையே பலர் நினைக்கிறார்கள். அது பிற்கால வடிவம். ஸ்காட்லாந்தில் ஸ்கான் முதலில் தட்டையான ரொட்டி. ‘கிர்டில்’ என்ற இரும்புக் கல்லில் சுட்டார்கள். நான் மாமியார் காலத்துக் கனமான தோசைக்கல்லில் சுடுகிறேன், அருமையாக வருகிறது.

கால் கிலோ மைதா, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் சேர்த்துச் சலியுங்கள். கெட்டி மோர் சுமார் 200 மில்லி வேண்டும். அது நன்றாகப் புளித்திருக்க வேண்டும். அந்தப் புளிப்புதான் சோடாவைப் பொங்க வைக்கிறது. (சோடா 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஸ்கான் இவ்வளவு மெத்தென்று இருந்திருக்காது.) மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் இறுகிவிடும்.

ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாகத் தட்டி நான்காக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ‘ஃபார்ல்’ என்று பெயர். நாலில் ஒரு பங்கு என்று பொருள்.

கல்லில் ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கள். மெல்லப் பழுப்பேறினால் சூடு சரி. உடனே கருகினால் தீயைக் குறையுங்கள். எண்ணெய் வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் சுடுங்கள்.

‘ஸ்கான்’ என்ற சொல், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ‘ஈனிட்’ காவியத்தை ஸ்காட்லாந்துக் கவிஞர் கேவின் டக்ளஸ் ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து 1513இல் முடித்த நூலிலேயே இருக்கிறது. ட்ராய் நகரத்தவரான ட்ரோஜன்கள் பசியில், உணவுக்கு அடியில் தட்டாக வைத்த ரொட்டியையும் தின்றுவிடும் காட்சி அது. தட்டாக வைக்கும் அளவுக்குத் தட்டையான ரொட்டி! வெள்ளை ரொட்டியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லான ‘ஸ்கோன்ப்ரோட்’ சுருங்கி இப்படி ஆகியிருக்கலாம் என்பதே அகராதிகளில் அதிகம் காணும் கருத்து. ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய ஸ்கூன் என்ற ஊரோடு முடிச்சுப் போடும் கதையும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், ஆனால் ஊரின் பெயரை யாரும் ஸ்கான் என்று சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை.

ஓரங்களை அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. சுத்தமான துணியில் சுற்றி வைத்தால் மேல்தோல் மென்மையாக இருக்கும். சூடு ஆறுவதற்குள் பிளந்து வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள். மறுநாளைக்கு மிஞ்சினால் வெண்ணெயில் வாட்டிக்கொள்ளலாம்.