செம்மண்ணில் செம்புழுதி தெரியாது: செயற்கைக்கோள் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூனில் குவைத்திலிருந்து என் மச்சான் போன் செய்து, "மாப்ளே, ஒரே புழுதி, எதிர் வீடே தெரியலை, சாட்டிலைட்ல பாரு" என்றார். காரைக்குடியில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்கள் காட்டும் நாசாவின் வேர்ல்டுவியூ இணையதளத்தைத் திறந்தால் பாலைவனம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒன்றுமே இல்லையே என்று சொல்லிவிட்டேன். அது பெரிய தப்பு.

நம் ஊரில் ஆடிக் காற்றுக்குக் கிளம்பும் புழுதி, செம்மண் பொட்டலுக்கு மேலே போகும்போது தூரத்திலிருந்து கண்ணுக்குப் பிடிபடாது. அதே புழுதி வீட்டு வளவில் வெள்ளை ஆத்தங்குடித் தரைக்கல் மேல் படியட்டும், விரல் வைத்தால் தடம் விழும். மேலேயிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கும் இதே கதைதான். மணலுக்கு மேல் மணல் நிறப் புழுதி மறைந்துவிடும், பாரசீக வளைகுடாவின் நீலத் தண்ணீருக்கு மேல் வந்தால்தான் பளிச்சென்று தெரியும். அதனால் சாதாரண வண்ணப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளான மீட்டியோசாட்டின் 'டஸ்ட்' (புழுதி) படத்தையும் பாருங்கள். 8.7, 10.8, 12 மைக்ரோமீட்டர் என்று மூன்று அகச்சிவப்பு அலைநீளங்களில் எடுத்ததைச் சேர்த்துச் செய்வது அது. புழுதி ரோஸ் நிறத்தில் வரும், ராத்திரியிலும் தெரியும். மேலே கனத்த மேகம் இருந்தால் மட்டும் அதுவும் கைவிடும்.

அப்புறம், ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு கட்டுவது. வேர்ல்டுவியூவில் டெர்ரா என்ற நாசா செயற்கைக்கோள் காலையில் கடந்து போகும்போது எடுத்தது, அக்வா என்ற இன்னொன்று மதியத்துக்கு மேல் எடுத்தது என்று பகலுக்குப் பெரும்பாலும் ஒவ்வொன்றுதான் இருக்கும், சாயங்காலம் இடிமழையோடு எழும் புழுதிப் புயல் அதில் சிக்காது. மீட்டியோசாட் 15 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, வரிசையாக ஓட்டிப் பார்த்தால் புழுதி நகரும், நிலம் நகராது.

கடலில் வெள்ளி போல மினுங்கும் பட்டையைப் புழுதி என்று நினைப்பவர்களும் உண்டு. அது சூரிய வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்புவது.

இதைவிட முக்கியமானது, படத்தில் அடர்த்தியாக இருந்தால் தரையிலும் மூச்சுத் திணறும் என்று பயப்படுவது. மேலேயிருந்து எடுத்த படம் புழுதி எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. 2020 ஜூனில் சகாராவிலிருந்து கரீபியன்வரை போன புழுதி கடலுக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்திலும் பயணம் செய்தது. உயரத்தை அளக்க லேசர் வேண்டும், 2006 முதல் 2023 வரை கலிப்சோ என்ற செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்தது. மூச்சு விடுகிற காற்றைப் பற்றித் தெரிய காற்றில் உள்ள தூசியை அளக்கும் அந்த ஊரின் தரைக் கருவி சொல்லும் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை மச்சான் கூப்பிட்டது ராத்திரி ஒன்பது மணிக்கு. ஈராக் பக்கமிருந்து ஷமால் என்ற வடமேற்குக் காற்றோடு ஒரு ரோஸ் நிறப் பட்டை தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. மாடியில் காயும் துணியை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.