பிளஸ் டூ ஆங்கிலத் திருப்புதல்: மதிப்பெண் கசியும் இடங்கள்

பிளஸ் டூ ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-ல் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 20, இரண்டு மதிப்பெண்ணுக்கு 14, மூன்றுக்கு 21, ஐந்துக்கு 35. அதாவது, விடையைத் தேர்ந்தெடுத்து எழுதினால் கிடைப்பது 20தான். மீதி 70-ல் பெரும்பகுதிக்குச் சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டும். ஆனால் பலருக்குத் திருப்புதல் என்பது நோட்ஸை நாலாவது முறை கண்ணால் ஓட்டுவதுதான். நாலாவது முறை எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். பேனா எங்கே நிற்கிறது என்று தேர்வுக்கு முன்பே தெரிந்துகொள்ளத்தான் திருப்புதல்.

செய்யுள் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு, பேசுபவரையும் கவிஞரையும் ஒருவராக்கிவிடுவது. 'யுலிசிஸ்' கவிதையை எழுதியவர் டென்னிசன். அதில் பேசுவது வயதான அரசன் யுலிசிஸ். "கவிஞர் மறுபடியும் கடலில் போக ஆசைப்படுகிறார்" என்று எழுதினால் முழு விளக்கமும் சாய்ந்துவிடும். 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' வரிகளும் அப்படித்தான். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஜேக்விஸ் என்ற பாத்திரம் பேசுபவை அவை. தோரு தத்தின் சவுக்கு மரக் கவிதையிலோ கவிஞரே தன் நினைவுகளைச் சொல்கிறார். அங்கே 'த பொயட்' என்று எழுதலாம். ஒவ்வொரு கவிதைக்கும் யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலையில் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டால், கவிதை வரிகளைக் கொடுத்து விளக்கச் சொல்லும் ஈ.ஆர்.சி. கேள்வியில் ரெஃபரன்ஸும் கான்டெக்ஸ்டும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். எக்ஸ்பிளனேஷனில் கொடுத்த வரியையே சொல் மாற்றித் திருப்பி எழுதுவது இன்னொரு வழக்கம். அந்த வரி கவிதையில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியமாவது வேண்டும்.

பாராகிராஃப் கேள்விக்கு கைடில் உள்ள ஒரே விடையை நெட்டுரு போடுவது ஆபத்து. கேள்வி கொஞ்சம் கோணம் மாறினாலும் விடை பொருந்தாது. பாடத்துக்கு ஐந்தாறு குறிப்புகளை மட்டும் மனதில் வைத்து, அவற்றிலிருந்து 150 சொல் அளவுக்கு எழுதிப் பழகுவது மேல். துணைப்பாடத்தில் நிகழ்ச்சிகளின் வரிசை முக்கியம். 'த மிட்நைட் விசிட்டர்' கதையில் கதவைத் தட்டியது போலீஸ் என்று உளவாளி மேக்ஸ் நம்புகிறான். அதனால்தான் ஜன்னல் வழியே இறங்குகிறான். அங்கே பால்கனியே கிடையாது, தட்டியவர் ஹோட்டல் வெயிட்டர். இந்த இரண்டு உண்மைகளையும் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டால் கதையில் மிச்சம் எதுவும் இருக்காது.

இலக்கணத்தில் பெரிய தவறு, தலைப்பு வாரியாக மட்டும் பயிற்சி செய்வது. 'இஃப் கிளாஸ்' (நிபந்தனை வாக்கியம்) என்று மேலே தலைப்பு போட்டு பத்து வாக்கியம் செய்தால் பத்தும் சரியாக வரும், ஏனென்றால் விதியைத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. வகை கலந்து தினமும் பத்து வாக்கியம் போடுங்கள். தவறியதைத் தனி நோட்டில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: நான் எழுதியது, சரியானது, ஏன் தவறியது. மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். பல சமயம் அங்கே வர வேண்டிய காரணம் நம் தமிழ்தான்.

"ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதே பழக்கத்தில் "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" வருகிறது. வேண்டியது "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". கால அளவுக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சிலும் இதே கதை. "எங்கே போகிறாய் என்று கேட்டான்" என்பதில் கேள்வி அப்படியே நிற்கிறது, 'என்று' எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் காலமும் 'நீ', 'நான்' போன்ற சொற்களும் மாறுவதோடு கேள்வியின் சொல்வரிசையும் கலைய வேண்டும்: "ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்". காலத்தைச் சரியாக மாற்றிவிட்டு "வேர் வாஸ் ஐ கோயிங்" என்று எழுதி, கடைசியில் கேள்விக்குறியும் போடுபவர்கள் ஏராளம். சில இடத்தில் தமிழ் காப்பாற்றவும் செய்யும். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று எழுதத் தோன்றினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நண்பனில் ஒருவன்' என்று யாரும் சொல்வதில்லை. ஃப்ரெண்ட்ஸ் என்று பன்மையில் எழுதி, வினையை மட்டும் ஒருமையில் வையுங்கள்.

ஏ, ஆன் இரண்டுக்கும் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்: ஆன் ஹவர், ஏ யுனிவர்சிட்டி, ஆன் எம்.எல்.ஏ. 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. இவற்றை ஜோடியாகவே மனதில் வையுங்கள்.

எழுத்துத் திறன் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது வழக்கம், "சொந்தமாக எழுதிக்கொள்ளலாம்" என்ற தைரியத்தில். மதிப்பெண் போவதோ வடிவத்தில். வேலை விண்ணப்பத்தில் 'டியர் சர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும். யுவர்ஸில் எஸ்-க்கு முன் அபாஸ்ட்ரஃபி குறி வராது. சொந்தப் பெயரோ ஊரோ எழுதாமல் கேள்வியில் கொடுத்ததையே பயன்படுத்துங்கள். பயோடேட்டாவில் கடைசியாக உறுதிமொழி வரியை மறக்க வேண்டாம். உரையாடலில் மூன்று எக்ஸ்சேஞ்ச் கேட்டால் இருவரும் மும்முறை பேச வேண்டும், மொத்தம் ஆறு வசனம். மூன்று வசனத்தோடு நிறுத்தினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். சம்மரி மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும். ரஃப் டிராஃப்ட், ஃபேர் டிராஃப்ட் இரண்டையும் காட்டி, தலைப்பும் கொடுங்கள். மூல வாக்கியங்களை வெட்டி ஒட்டினால் சம்மரி ஆகாது. செய்முறை விளக்கத்தில் "தண்ணீரைக் கொதிக்க வை" என்ற ஏவல் நடையில் தொடங்கினால் கடைசி வரை அதே நடை. பாதியில் பாஸிவ் வாய்ஸுக்குத் தாவக் கூடாது.

மாதிரித் தேர்வை வீட்டில் எழுதும்போது மூன்று மணி நேரத்தையும் கணக்கில் வையுங்கள். 180 நிமிடத்துக்கு 90 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். முதல் 20 கேள்விகளை 20 நிமிடத்தில் முடித்தால் மிஞ்சும் 20 நிமிடம் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குப் போகும். அந்த அவசரத்திலும் ஒரு மதிப்பெண் விடையில் குறியீட்டு எழுத்தோடு விடைச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். வினாத்தாள் இரண்டையும்தான் கேட்கிறது.