தாய்ப்பத்திரத்தில் இருந்து தொடங்குங்கள்: உங்கள் பேட்டையின் கதையைச் சேகரிக்கும் வழி

சைதாப்பேட்டை கோர்ட்டுப் பக்கம் இருபத்தெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய பத்திரங்களை நகல் எடுக்கும்போது ஓரக்கண்ணால் படித்துப் படித்தே எனக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. இன்றைக்கு மெட்ரோவில் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு இது சென்னையின் ஓர் ஏரியா, அவ்வளவுதான். 1946-ல் மாநகராட்சியோடு சேரும் வரை இது தனி ஊர். செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடமாகவும் இருந்தது. இப்படி நகரத்துக்குள் கரைந்த ஊர்கள் சென்னையில் நிறைய உண்டு. உங்களுடையதும் அப்படி ஒன்றாக இருந்தால், நான் செய்கிற மாதிரி செய்து பாருங்கள்.

முழு ஊரையும் எடுக்காதீர்கள். ஒரு தெரு போதும்.

முதலில் உங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரத்தை, அதாவது இப்போதைய பத்திரத்துக்கு மூலமான பழைய பத்திரத்தை, எடுங்கள். விலை, வாரிசு எல்லாம் வக்கீல் பார்க்கட்டும். நீங்கள் செக்குபந்தியைப் பாருங்கள். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே வாய்க்கால், தெற்கே தோட்டம், வடக்கே தெரு என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் மேற்கே ‘பொதுக் கிணறு’ என்று இருக்கிறது. இப்போது அங்கே மூன்று மாடிக் கட்டடம். பக்கத்து வீட்டுப் பத்திரத்தையும் வைத்துப் பார்த்தால் கிணற்றின் இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும். காட்டுவார்களா என்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. பத்திரம் என்றதும் முகம் மாறுகிறவர்களே அதிகம். வற்புறுத்தாதீர்கள்.

பழைய தாளைக் கையாள்வதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள், இது என் தொழில். மடிப்பில் கிழிந்த முத்திரைத்தாளை மெஷினின் மேல்தட்டில் சொருகி இழுக்க விடாதீர்கள், இரண்டாகப் போய்விடும். கண்ணாடி மேல் விரித்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே படம் எடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு, ஃபேன் காற்றில் காயவைத்த பத்திரங்களோடு கடை வாசலில் நின்றவர்களை நான் மறக்கவில்லை. சிலவற்றில் எழுத்தே இல்லை. அதனால் படம் எடுப்பதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

அப்புறம் பெரியவர்கள். ‘அந்தக் காலத்துல ஊர் எப்படி இருந்துச்சு பாட்டி?’ என்று நானும் கேட்டேன். ‘நல்லாதான் இருந்துச்சு’ என்று வெற்றிலை மென்றார், முடிந்தது. ‘குடிதண்ணி எங்க பிடிச்சீங்க? தேர் வந்தா எந்த முக்குல நிக்கும்?’ என்று மறுபடி கேட்டேன். காரணீஸ்வரர் கோயில் குளத்தில் தொடங்கி ஒன்றரை மணி நேரம் பேசினார். வருஷம் மட்டும் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. ‘அண்ணா செத்தப்ப மூத்தவன் வயித்துல’ என்றால் அது 1969. ‘கலைஞர் இங்க நின்னு ஜெயிச்சப்ப’ என்றால் 1967 அல்லது 1971, இரண்டில் எது என்று துருவிக் கேட்க வேண்டும். பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர்க்காரணத்தில் நான் ஒருமுறை சறுக்கினேன். சைதாப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்த கதை என்று டீக்கடையில் கேட்டதை ஒரு துண்டுப்பிரசுரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாளே இன்னொருவர் வேறு கதையோடு வந்தார், அதற்கடுத்த நாள் மூன்றாமவர். இப்போது ‘இப்படிச் சொல்கிறார்கள்’ என்று மட்டும் எழுதுகிறேன், சொன்னவர் யார் என்பதையும் குறித்துவைக்கிறேன்.

கல்லில் இருப்பதை அவ்வளவு எளிதில் மாற்றிச் சொல்ல முடியாது. மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த பாலத்தை 1726-ல் கட்டிக்கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். அதைச் சொல்லும் கல்வெட்டு லத்தீன், பாரசீகம், ஆர்மீனியம் என்று மூன்று மொழியில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் பாலத்தடியில், கோயில் மதிலில், பள்ளிக்கூட வாசலில் இப்படி ஏதாவது இருக்கும். நடந்து போய்ப் பாருங்கள், வண்டியில் போனால் கண்ணில் படாது.

இதற்கெல்லாம் பிறகுதான் நூலகம். எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாராவும் இருக்கின்றன. பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். செங்கல்பட்டு ஜில்லாவைப் பற்றி குரோல் என்ற அதிகாரி 1879-ல் வெளியிட்ட மேனுவல் என்ற விவரப் புத்தகம் இருக்கிறது. அதைக் கையில் வாங்கும்போது கேள்வி தயாராக இருக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேரான வேளாண் பள்ளி 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கியது, 1906-ல்தான் கோவைக்குப் போனது என்று படித்தபோது நான் தேடியது ஒன்றே ஒன்று: அந்தப் பள்ளியின் பண்ணைக்கு எங்கள் தெருவிலிருந்து கூலிக்குப் போனவர்கள் உண்டா? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, சேர்த்ததை வைத்துத் தெருவை ஒரு தாளில் வரைந்து, கதை சொன்னவர்களிடமே காட்டுங்கள். என் படத்தைப் பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ‘கிணறு சரி. ஆனா படிக்கட்டு இந்தப் பக்கம் இல்லடா, அந்தப் பக்கம். ரெண்டு தடவ விழுந்திருக்கேன்.’ அழித்து மாற்றி வரைந்தேன்.