பிடிஎஃப்பில் தமிழ், வேர்டில் குப்பை

ஊர்க் கோயில் திருவிழா அழைப்பிதழ், பழைய பிடிஎஃப். தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று வேர்டுக்கு மாற்றினேன், திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். மாற்றித் தந்த தளத்தைத் திட்டிக்கொண்டே மூன்று தளங்கள் மாறிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே கதைதான்.

கோளாறு தளத்தில் இல்லை. அழைப்பிதழைத் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பிடிஎஃப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே இருப்பதால் அங்கே தமிழாகத் தெரிகிறது, வேர்டுக்கு வந்ததும் வேஷம் கலைகிறது.

வேர்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள பொதுக் குறியீடு) மாற்றும் இணையப் பக்கத்தில் ஒட்டினேன். சரியாக வந்தது, ஆனால் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் தமிழாக்கி வைத்திருந்தது! அதை மட்டும் கையால் அடித்தேன்.

கடைசிப் பக்கம் ஸ்கேன் செய்த படம். அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தேன், எழுத்தாக வந்துவிட்டது. துணைக்கால் மட்டும் அங்கங்கே 'ர' ஆகியிருந்தது, அப்புறம் நன்கொடைப் பட்டியலின் கட்டங்கள் காணோம். பட்டியலைப் புதிதாகவே போட்டேன்.