வான் ரீனன் கணவாயில் வெண்பனி: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்வோருக்கான வழிகாட்டி

டர்பனில் குளிர்காலம் என்றால் மாலை வேளையில் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும் அதே நாளில், மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே உள்ள வான் ரீனன் கணவாயில் என்-3 நெடுஞ்சாலை வெண்பனியால் மூடிக் கிடக்கலாம். 2024 செப்டம்பர் 20 இரவு அப்படித்தான் நேர்ந்தது. நாள்காட்டிப்படி வசந்தம் பிறந்துவிட்டது. மறுநாள் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. இருந்தும் கணவாயைத் தாண்டியுள்ள ஹாரிஸ்மித், வார்டன் பகுதிகளில் ஏராளமானோர் விடியும்வரை வண்டிக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. ஆகவே, ஆடி முடிந்ததும் ஆபத்தும் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

புறப்படுவதா வேண்டாமா என்பதை வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) நெருங்கும்போது, உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் பெர்க் காற்று, இறங்க இறங்க அழுத்தப்பட்டுச் சூடேறுவதால், டர்பனில் அந்த நாள் கோடையைப் போலவே சுடும். பலர் அரைக்கைச் சட்டையோடு வண்டியில் ஏறுவது அன்றைக்குத்தான். தென்னாப்பிரிக்க வானிலைச் சேவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களோடு 1 முதல் 10 வரையிலான எண்ணையும் சேர்த்து எச்சரிக்கை விடுக்கிறது. டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்துக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் கிழக்குப் பகுதிக்கும் பனிப்பொழிவு குறித்து ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கல்யாணமே ஆனாலும் சரி. பாதி வழியில் செய்தி தெரிந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. மூய் ரிவர் ஊரைத் தாண்டிய பிறகு யோசிப்பதில் பயனில்லை. ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். அதுவும் அதே மலைத்தொடரில் ஏறும் சாலை, அகலமும் குறைவு.

நான் திறமையாக ஓட்டுவேன் என்பது இங்கே வாதமாகாது. டர்பன் துறைமுகத்துச் சரக்கு லாரிகளெல்லாம் இந்தச் சாலையில்தான் ஏறுகின்றன. ஏற்றத்தில் ஒரு லாரி வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டால், உங்கள் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் பின்னால் நிற்கத்தான் வேண்டும். எனவே, பனியில் ஓட்டுவதற்காக அல்ல, பனியில் காத்திருப்பதற்காகத் தயாராகுங்கள். எஸ்ட்கோர்ட்டைக் கடக்கும்போது டாங்கு நிறைந்திருக்கட்டும். ஆளுக்கொரு கம்பளி, காலுறை, குடிதண்ணீர், ஃபிளாஸ்க்கில் சூடான தேநீர், கைபேசிக்கு வண்டியில் செருகும் சார்ஜர், ஒரு டார்ச் ஆகியவற்றை டிக்கியில் அல்லாமல் இருக்கைக்கு அருகிலேயே வையுங்கள். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி ஆறினாலும் உண்ணத் தக்கது என்பதால், ஒரு வேளைக்குக் கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள். நீரிழிவு இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் பயன்படாது என்பதால், அதைச் சட்டையின் உள்பையில் உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். காற்றும் ஈரமும் சேர்ந்து உடல் சூட்டை மிக விரைவில் பறித்துவிடும். 112 என்ற எண்ணை அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். எஞ்சினை இரவு முழுவதும் ஓடவிடுவதே பலரும் செய்யும், உயிருக்கே உலை வைக்கும் காரியம். புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் விலக்கிவிட்டு, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் போல மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். நனைந்த காலுறையை உடனே மாற்றுங்கள். குழந்தைகளை நடுவில் அமர்த்தி நெருக்கமாக இருங்கள். சூடேற்றும் என்று பிராந்தியை எடுக்கும் மாமாவைத் தடுத்துவிடுங்கள். அது தோலுக்குக் கதகதப்பைக் காட்டி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

சாலை திறந்த முதல் காலையில் பாலங்களின் மீதும், மலை வெட்டுகளின் நிழலிலும், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். அங்கே சடாரென்று பிரேக்கை மிதிக்காமல், தாழ்ந்த கியரில், முன்வண்டியிலிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விட்டுச் செல்லுங்கள். கண்ணாடியில் உறைந்த பனியை நீக்க வெந்நீர் ஊற்றினால் கண்ணாடியே விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுரண்டினால் போதும்.

பனியைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகளோடு மேலே வருவோரும் உண்டு. அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் மீட்பு வண்டிகள் செல்லும் என்-3 ஓரத்தில் நிறுத்திப் படம் எடுக்காமல், சாலை திறந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு, ஒரு நாள் கழித்து அண்டர்பெர்க் அல்லது நாட்டிங்காம் ரோடு என்ற ஊர்ப் பக்கம் சென்று, ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு விளையாடச் செய்யுங்கள்.